வெள்ளைச் சுவரில் ஆறு மேடுகள்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் சொல்ல, எதிர்வீட்டுத் தையல்காரி ஊசி எழுதுகிறாள். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். உன் இருமல் விட்டதா?

துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பல் மூன்று நாள் நின்று எரிந்த வருஷத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஆற்றுப்பாலத்தின் இரண்டாவது தூண் இறங்கி, பதினேழு நாள் ரயில் வராமல் கிடந்ததும் அந்த வருஷம்தான். அம்மாவுக்கு இடது கண் போனதும் அப்போதுதான். கப்பல் எரிவதைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்து வந்து, வலது கண்ணால் பார்த்துவிட்டு, "எனக்குப் பாதி நெருப்புதான் தெரியுது" என்றாள். அந்த வருஷக் கடைசியில்தான் நம் ஜனங்களுக்கு முதல் ஓட்டு வந்தது. சந்தை எடைக்கொட்டகையில் பெட்டி வைத்தார்கள். நம் தெருவிலிருந்து பத்தொன்பது பேர் வரிசையில் நின்றோம். நீ எதிரே உப்பு மூட்டை மேல் உட்கார்ந்து எங்களை வரைந்துகொண்டிருந்தாய். ஓட்டுப் போடும் வயதுக்கு உனக்கு மூன்று மாதம் குறைந்தது. அந்தக் கடுப்பு முகத்தில் தெரிந்தது.

பழைய கதை பேச எழுதவில்லை. நகரமன்றத்திலிருந்து தெருவுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. ஓட்டர் பட்டியலிலிருந்து எங்கள் எல்லார் பேரையும் எடுத்துவிட்டார்கள். இது அந்த முதல் ஓட்டுக்குப் பின்னால் வந்து குந்திய தெருவாம். தானோ, தன் வீட்டு மூத்தவர்களோ அந்த முதல் ஓட்டு வரிசையில் நின்றதைக் காட்டுகிறவருக்குப் பேரும் வீடும் மிஞ்சும். மற்றவர்கள் மார்ச் முடிவதற்குள் காலி செய்யவேண்டும். அந்த வருஷத்துப் பட்டியல் எங்கே என்று கேட்டால், கரையான் தின்றுவிட்டது என்கிறார்கள். கரையானுக்கு என்னைவிடப் படிப்பு அதிகம்.

மிச்சமிருப்பது உன் படம் ஒன்றுதான். நகரமன்றக் கூடத்தில் தலைவர் நாற்காலிக்குப் பின்னால் இத்தனை வருஷமாகத் தொங்குகிறது. அது கற்பனை இல்லை, அந்தப் பத்தொன்பது பேரும் அன்று நின்றார்கள் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. விசாரணை பிப்ரவரி கடைசியில்.

ஊசியை உனக்குத் தெரியும், சாக்குக்காரியின் மகள். தன் அம்மாவை வரிசையில் எங்கே நிறுத்தியிருக்கிறாய் என்று கேட்கச் சொல்கிறாள். அவளிடம் அம்மாவின் போட்டோகூடக் கிடையாது.

வெந்நீர் குடி. பனியில் திரியாதே.

அண்ணன்


ஜனவரி 21

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பியின் வணக்கம். கடிதம் கிடைத்தது. இருமல் இருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை. மகள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறாள். உங்கள் முழங்காலுக்குச் சூடு ஒற்றடம் கொடுங்கள்.

நோட்டீஸ் பற்றிப் படித்து மனம் கலங்கிவிட்டது. ஆனால் ஒன்று யோசியுங்கள் அண்ணே. படம் வேறு, பதிவேடு வேறு. ஓவியன் எதையும் அப்படியே வரைவதில்லை. ஓர் ஆளை இங்கிருந்து அங்கே நகர்த்துவான், ஒரு மரத்தைச் சேர்ப்பான். அதை நம்பி நீங்கள் விசாரணைக்குப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு கேள்வியில் கவிழ்த்துவிடுவார். வேறு ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பிறப்புச் சீட்டு, சந்தைக் கூலிச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, எதுவானாலும் சரி.

ஊசியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவள் எழுத்து மணிமணியாக இருக்கிறது.

இங்கே குளிர் விடவில்லை.

தம்பி


ஜனவரி 29

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் சொல்ல, ஊசி எழுதுகிறாள். ஒற்றடம் கொடுத்தேன். முழங்கால் சொன்னபடி கேட்கிறது, நீதான் கேட்கவில்லை.

நான் கேட்டது நாலு வரி. நீ எழுதியது ஒரு பக்கம், அந்த நாலு வரி மட்டும் அதில் இல்லை. மரத்தைச் சேர்ப்பான், ஆளை நகர்த்துவான் என்கிறாய். சேர்த்துக்கொள், நகர்த்திக்கொள். நின்றார்களா இல்லையா? நீயே பார்த்தாய். அதை எழுத என்னடா தயக்கம்?

காகிதம் தேடச் சொல்கிறாய். மூட்டை தூக்குகிறவனுக்குக் கூலிச் சீட்டு எவன் கொடுத்தான்? முதுகில் தழும்பு இருக்கிறது, அதைக் கிழித்து ஒட்டவா? நம் தெருவில் பிள்ளை பிறந்தால் மருத்துவச்சி வாசலில் நின்று உரக்கச் சொல்லுவாள், அதுதான் பிறப்புச் சீட்டு. எனக்குத் தெரு வைத்த பேர் என்ன? பேரேடு. எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவனுக்கு ஏன் அந்தப் பேர் என்று உனக்குத் தெரியும். யார் எந்த வருஷம் எந்த வீட்டில் என்று கேட்டால் தப்பாமல் சொல்லுவேன். அதைக் கேட்க அதிகாரிக்குக் காது இல்லை, கண்தான் இருக்கிறது. அதனால்தான் உன் படம்.

உன் அண்ணியைப் பற்றியும் சொல்லவேண்டும். சாக மூன்று நாள் இருக்கும்போது பக்கத்துக் கட்டிலில் இருந்தவளிடம், "நான் நகரமன்றத்துல மாட்டியிருக்கேன் தெரியுமா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அதைப் பார்த்ததில்லை. நாங்கள் யாரும் பார்த்ததில்லை. படம் திறந்த அன்று தெருவே குளித்துக் கிளம்பிப் போனோம். "அழைப்பு இருக்கா?" என்று கேட்டு கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே படத்தில் இருந்தோம், வெளியே வெயிலில் இருந்தோம். அப்புறம் காலண்டரில் தீப்பெட்டி அளவுக்கு வந்ததைப் பார்த்ததோடு சரி. அதில் தலை எது, மூட்டை எது என்று தெரியாது. அண்ணி உனக்கு எழுதிக் கேட்டாள். "இருக்கீங்க அண்ணி, நல்லா இருக்கீங்க" என்று நீ பதில் போட்டாய். அந்தக் கடிதம் அவளோடு போயிற்று.

பிப்ரவரி ஆறாம் தேதி விசாரணை அதிகாரி எங்களைக் கூடத்துக்குள் அழைத்துப்போய்ப் படத்தைக் காட்டப்போகிறார். ஒவ்வொரு முகமாக நான் தொட்டுச் சொல்லவேண்டும். அதற்குள் உன் காகிதம் வரவேண்டும்.

சாப்பாட்டை விடாதே.

அண்ணன்


பிப்ரவரி 7

தம்பிக்கு,

அண்ணன். உன் உடம்பு எப்படி என்று கேட்கவேண்டும், கேட்டுக்கொள்கிறேன்.

நேற்றுப் போனோம். தெருவிலிருந்து நாற்பது பேர். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஊசி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், தலை வாரி, நல்ல சேலை கட்டி, அம்மாவைப் பார்க்கப் போகிறவளாட்டம். உண்மையில் அதற்குத்தான் போனாள்.

படம் பெரிது. என் வீட்டுச் சுவரைவிடப் பெரிது. முதலில் என் சட்டையைத்தான் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டது. அப்படி ஒன்றை நான் போட்டதே இல்லை. அன்று எனக்குத் தலையில் மழைக்குச் சாக்கும் இடுப்பில் கிழிசலும்தான். போகட்டும், முகம் என்னுடையது. மருத்துவச்சி இருந்தாள். வண்டிக்காரர் இருந்தார். ஒன்று, இரண்டு என்று விரல் விட்டேன். பதின்மூன்று வந்தது. அதற்குப்பின் ஒரு வெள்ளைச் சுவர். சுவரில் ஒரு பூங்கொடி.

திரும்ப எண்ணினேன். அதிகாரி கேட்டார், "என்ன பெரியவரே, பத்தொம்பதுன்னீங்க?"

"இன்னும் ஆறு பேரு இருக்காங்க."

"எங்க?"

"இங்கதான் இருக்கணும்."

"கொடிக்குப் பின்னால ஒளிஞ்சிருக்காங்களோ?" என்றார் கூட வந்த குமாஸ்தா. நம் தெருக்காரர்களே இரண்டு பேர் சிரித்தார்கள்.

சாக்குத் தைக்கிற பெண்கள் ஆறு பேரும் இல்லை. உன் அண்ணி இல்லை. ஊசியின் அம்மா இல்லை. எடைக்கொட்டகைச் சுவர் வெள்ளையே இல்லையடா, தகரம். அங்கே எந்த நாளிலும் பூங்கொடி படர்ந்தது கிடையாது.

வெளியே வந்ததும் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "பேரேட்டுல கரையான் பூந்துடுச்சு" என்றான் நெட்டையின் பேரன். இன்னொருவன், "எழுதிக் குடுக்குறாளேன்னு ஊசிக்காகக் கூட ஆறு பேரைச் சேத்துச் சொல்லுறாரு" என்றான். அவள் காதில் விழுகிறமாதிரியே சொன்னான். அவள் வீட்டுக்கு வந்து மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். நூல் கோக்காமலே மிதித்தாள்.

எனக்கு எண்பத்து மூன்று வயது. ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தேன், நான்தான் தப்பாக வைத்திருக்கிறேனோ என்று. இதுவரை அப்படி ஒரு யோசனை எனக்கு வந்ததில்லை. தம்பி, எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா, அல்லது நீ ஏதாவது செய்தாயா? ஒன்றை மட்டும் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 18

தம்பிக்கு,

பதினோரு நாளாயிற்று. தபால்காரர் என்னைக் கண்டதும் அடுத்த சந்தால் போகிறார்.

விசாரணை மார்ச் இருபதுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதைச் சொல்லத்தான். நலமாக இரு.

அண்ணன்


பிப்ரவரி 22

அண்ணனுக்கு,

வணக்கம் சொல்ல முகம் இல்லை. உங்களுக்குப் பைத்தியம் இல்லை. பத்தொன்பது பேர்தான்.

எழுதிவிடுகிறேன். எடைக்கொட்டகையில் நான் எடுத்த கோட்டுப்படங்களை வைத்து ஒரு வருஷம் வரைந்தேன். பத்தொன்பது பேரையும் வரைந்தேன். சாக்கும் கிழிசலும் எல்லாம் இருந்தது. நகரமன்றக் குழு பார்க்க வந்தது. ஐந்து பேர். நல்லவர்கள்தான், கனிவாகப் பேசினார்கள். "தம்பி, இது மக்களாட்சியோட முதல் நாள். நாளைக்குப் பிள்ளைங்க பார்க்கப்போற படம். ஓட்டுப் போட வர்றவங்க குளிச்சிட்டு வரமாட்டாங்களா?" என்றார் ஒருவர். இன்னொருவர் வரிசையின் கடைசியைக் காட்டி, "இவங்க என்ன, பிச்சை கேட்க நிக்கிறவங்க மாதிரி இருக்காங்களே" என்றார். சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவர்கள் பாதி வேலையில் எழுந்து வந்தார்கள் அண்ணே. தலை முழுக்கச் சணல் தூசி. அதை நான் ரொம்ப ஆசையாக வரைந்திருந்தேன். வெளிச்சத்தில் அது ஒவ்வொரு இழையாகத் தெரியும்.

ஆண்களுக்குச் சட்டை மாட்டினேன். அது சுலபம். அந்த ஆறு பேருக்கும் எதை மாட்டினாலும் சரியாக வரவில்லை. முகம் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் பார்த்தேன். நாலாம் நாள் வெள்ளை எடுத்துப் பூசிவிட்டேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. படம் அந்தக் கூடத்தில் தொங்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இருபத்திரண்டு வயது.

அண்ணி கேட்டபோது இருக்கிறீர்கள் என்று எழுதினேன். பொய் என்று முழுக்கச் சொல்லமுடியாது. வேண்டாததை நாங்கள் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மேலே பூசுவோம். நான் சுரண்டவில்லை. கை வரவில்லை. அப்படியே அவர்கள் மேல் பூசினேன். காலையில், சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது, படத்தின் இடது ஓரமாக நின்று சுவரைப் பாருங்கள். வெள்ளையில் ஆறு மேடு தெரியும். அவை அவர்கள் தலைகள்.

இந்தக் கடிதத்தை என்ன செய்வது என்று நீங்களே முடிவுசெய்யுங்கள். அதிகாரியிடம் கொடுத்தால் நான் கெட்டுப்போவேன், அது பெரிதில்லை. ஆனால் மாற்றி வரைந்த படம் என்று ஆகிவிட்டால் அந்தப் பதின்மூன்று பேருக்கும் அது சாட்சியாக நிற்காது. அதனால்தான் முதலிலேயே காகிதம் தேடச் சொன்னேன்.

இதை உரக்கப் படித்துக்கொண்டிருப்பது யார் என்று எனக்குத் தெரியும். ஊசி, உன்னிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

அண்ணன் சொல்ல, அவளேதான் எழுதுகிறாள். நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தை ஊசி ஓர் இடத்திலும் நிற்காமல் படித்தாள். சணல் தூசி என்ற இடத்தில் தண்ணீர் குடித்தாள், அவ்வளவுதான். கடைசி வரியையும் படித்தாள், யாரோ வேறு ஊசிக்கு எழுதினதுபோல. படித்து முடித்து மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "பட்டன் தைக்கணும் மாமா" என்று எழுந்துபோனாள். இதை எழுதமாட்டேன் என்கிறாள். எழுது என்கிறேன்.

உன்னைத் திட்டவேண்டும் என்று இரண்டு நாள் வார்த்தை சேர்த்து வைத்தேன். இப்போது அதற்கு நேரமில்லை.

தெருவில் விஷயம் தெரிந்துவிட்டது. நேற்றுச் சாக்குக் கிடங்கில் எல்லாரும் கூடினோம். வண்டிக்காரர் பேத்தி என் காலைப் பிடித்துக்கொண்டாள். "பெரியவரே, அந்தக் காயிதத்தை அடுப்புல போடுங்க. படம் பொய்யின்னு ஆயிட்டா நாங்க எங்க போவோம்? கையில ரெண்டு வயசுப்புள்ள."

"போட்டா இவங்க எங்க போவாங்க?" என்று பூசிமறைத்த பெண்களின் ஐந்து வீட்டுக்காரர்களைக் காட்டினேன். என் வீட்டைச் சேர்த்து ஆறு, ஆனால் நான்தான் சட்டை போட்டுக்கொண்டு படத்தில் நிற்கிறேனே, எனக்கு வீடு உண்டு.

அப்போது ஊசி எழுந்தாள். "பதிமூணு வீட்டுல நாப்பத்தேழு பேரு. அஞ்சு வீட்டுல பதினாறு பேரு. ஓட்டுன்னா எண்ணுறதுதானே, எண்ணிடுவோம். கடுதாசியை மறைக்கணும்ங்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றாள். முதல் கை அவளுடையது. அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாம் தூக்கின. அந்த ஐந்து வீட்டுக்காரர்களில் நாலு பேர் அழுதுகொண்டே தூக்கினார்கள். தூக்காதது என் கை ஒன்றுதான். தம்பி, அதுவும் ஜனங்கள் ஓட்டுப் போட்டதுதான். வரைய ஆள் இல்லை.

கடிதத்தை அடுப்பில் போட நான் விடவில்லை. அது ஊசியிடம் இருக்கிறது.

ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. நீ வா. இருபதாம் தேதி அதிகாரி முன்னால் நின்று உன் வாயால் சொல். பதின்மூன்றும் நிஜம், ஆறும் நிஜம், பூசினது நான் என்று. வரைந்தவனே வந்து சொன்னால் மறுக்கமாட்டார்கள். வேண்டுமானால் அவர்கள் கண்ணெதிரே அந்த வெள்ளையை எடுத்துக் காட்டு. இரண்டு நாள் ரயில். நான் ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன், நடக்க முடியாவிட்டால் முதுகில் தூக்கிவருகிறேன். உன்னைவிடக் கனமானதெல்லாம் தூக்கியிருக்கிறேன்.

வருகிறேன் என்று ஒரு வார்த்தை போதும்.

அண்ணன்


மார்ச் 5

சின்ன மாமாவுக்கு,

ஊசி எழுதுவது. மாமாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உங்கள் உடம்பைப் பற்றி விசாரிக்கத்தான் முதலில்.

ஜனவரியில் வந்த கடிதத்தில் உங்கள் வரிகள் நேராக இருந்தன. பிப்ரவரிக் கடிதத்தில் வலது பக்கம் சரிகின்றன, மூன்று இடத்தில் பேனா தூக்கிவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறீர்கள். நான் தையல்காரி. துணியில் தையல் ஓடுவதைப் பார்த்தே தைத்தவருக்குக் காய்ச்சலா என்று சொல்லுவேன். நீங்கள் சாதாரண இருமலில் இல்லை. மாமாவிடம் நான் அதைச் சொல்லவில்லை, சொன்னால் தாங்கமாட்டார். தினமும் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் நேரம் விசாரித்துவிட்டு வருகிறார். சாப்பிடச் சொன்னால், அவன் வந்ததும் சேர்ந்து சாப்பிடுகிறேன் என்கிறார்.

முடியவில்லையென்றால் வராதீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். அதற்காக நீங்கள் ரயிலிலேயே போய்ச் சேரவேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் கடிதம் வந்த மறுநாள் மாமா என்னைத் திரும்பவும் கூடத்துக்குக் கூட்டிப்போனார். காவலாளியிடம் கெஞ்சிக் காலையில் போய் இடது ஓரமாக நின்று பார்த்தோம். ஆறு மேடும் தெரிந்தது. அதில் என் அம்மா எது? நீங்கள் எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசி


மார்ச் 13

பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதுகிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு இதை எழுத எனக்கு வரவில்லை. அப்பா நேற்று முன்தினம் காலமாகிவிட்டார்.

போன வருஷமே நுரையீரலில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். "அண்ணனுக்கு எழுதாதே, மூட்டையோட மூட்டையா இதையும் தூக்குவாரு" என்று எங்களைத் தடுத்துவிட்டார். உங்கள் கடிதம் வந்ததும் பெட்டியை எடுத்து வைக்கச் சொன்னார். சுரண்டுகத்தியைத் தேடி எடுத்து, துடைத்து, பெட்டிக்குள் வைத்தார். கட்டிலிலிருந்து இறங்கிச் சன்னல்வரை போனார். அதற்குமேல் முடியவில்லை. பதின்மூன்றும் நிஜம், ஆறும் நிஜம் என்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கையெழுத்துப் போடப் பேனாவைக் கையில் கொடுத்தேன். விரல் மூடவில்லை. அந்தக் காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து இல்லாத காகிதம் செல்லாது என்று எனக்கும் தெரியும்.

ஊசி அக்காவின் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "மூணாவது மேடு. மத்ததைவிட அகலமா இருக்கும். இடுப்புல பிள்ளை இருந்தது" என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

நீங்கள் ஸ்டேஷனில் நிற்கவேண்டாம் பெரியப்பா.

மகள்


மார்ச் 23

அன்பு மகளுக்கு,

பெரியப்பா சொல்ல, ஊசி எழுதுகிறாள். நீ தைரியமாக இரு. உன் அம்மாவைத் தனியாக விடாதே.

உன் கடிதம் வந்த அன்றும் நான் ஸ்டேஷனில்தான் இருந்தேன். ஊசி அங்கே வந்து, என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். கூலிக்காரன் ஒருவன் வந்து, "யாருக்குப் பெரியவரே காத்திருக்கீங்க" என்றான். வேலை முடிந்துவிட்டது என்று எழுந்து வந்துவிட்டோம். உன் அப்பன் என்னைவிட நாலு வயது சின்னவன். அவனுக்கு நடை பழக்கினதே நான்தான்.

இருபதாம் தேதி விசாரணை நடந்தது. அதிகாரி தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எழுதத் தெரியாதவன் என்பதால் படித்துச் சொல்ல ஊசியைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள விட்டார்கள். காலை நேரம், சன்னல் திறந்திருந்தது. "ஐயா, எழுந்து இப்படி வந்து பாருங்க" என்றேன். நல்ல மனிதர், வந்தார். இடது ஓரமாக நின்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"மேடா இருக்குது, சரி. மேட்டுக்குப் பேரு ஏது பெரியவரே? சுவரு பூசினா மேடு பள்ளம் வரத்தான் செய்யும்."

"பேரு நான் சொல்லுறேன்."

"நீங்க சொன்னா ஆச்சா? வரைஞ்சவர் எங்க?"

"போயிட்டான்."

"வேற யாரு இருக்கா?"

ஊசியின் பையில் அவன் பிப்ரவரியில் எழுதிய கடிதம் இருந்தது. கையெழுத்தோடு. "எடும்மா" என்றேன். அவள் எடுக்கவில்லை. பின்னால் நாற்பத்தேழு பேர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. "எடு" என்று திரும்பவும் சொன்னேன். அவள் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

அதிகாரி ஒரு காகிதத்தை நீட்டினார். படம் நடந்ததை நடந்தபடி காட்டுகிறது, அதிலுள்ள பதின்மூவரைத் தவிர அந்தத் தெருவிலிருந்து வேறெவரும் அன்று நிற்கவில்லை என்று எழுதியிருந்தது. ஊசி அதை எனக்குப் படித்துக் காட்டினாள். ஒரு வார்த்தை விடவில்லை, ஒரு வார்த்தை மாற்றவில்லை. "ரேகை வைச்சா பதிமூணு வீட்டுக்கும் இன்னிக்கே பேரு ஏறிடும். வைக்கலைன்னா ஒருத்தருக்கும் இல்ல" என்றார் அதிகாரி. என் கை மடியிலிருந்து எழவில்லை. ஊசிதான் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, கட்டைவிரலை மையில் அமுக்கி, காகிதத்தில் வைத்தாள். நான் இழுத்துக்கொண்டிருக்கலாம். மூட்டை தூக்கின கை, அவள் பலம் எனக்கு எம்மாத்திரம். நான் இழுக்கவில்லை. உன் அப்பன் செய்ததை நானும் செய்தேன் மகளே. அவனைத் திட்டச் சேர்த்து வைத்த வார்த்தை எல்லாம் என்னிடமே இருக்கிறது.

அன்று சாயந்திரத்திலிருந்து தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிப்போகிறார்கள், பாதி தைத்ததையும். அவள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. முப்பத்தொன்றாம் தேதிக்குள் அவள் போகவேண்டும். என் வீட்டில் வந்து இரு என்றேன். "படத்துல இல்லாதவளுக்குப் படத்துல இருக்கிறவர் வீட்டுல என்ன மாமா வேலை?" என்று சிரித்தாள். எங்கே போவாய் என்றால், மெஷினுக்குக் கால் இல்லை, எனக்கு இருக்கிறது என்கிறாள்.

நான் ரேகை வைத்த காகிதம் அரசாங்கத்திடம் இருக்கிறது. இந்தக் காகிதம் உன்னிடம் இருக்கட்டும். கேட்டுக்கொள், இதுதான் வரிசை. முதலில் மருத்துவச்சி, வீட்டில் ஒருத்திக்கு வலி எடுத்திருக்கிறது, "சீக்கிரம் விடுங்கப்பா, தலை தெரியுது" என்று சண்டைபோட்டு முன்னால் வந்தாள். பின்னால் வண்டிக்காரர், அவருடைய காது கேட்காத தம்பி. எடைக்காரர். சாணைக்காரர், கையில் கத்தி இருக்கிறது என்று போலீஸ்காரர் வெளியே வைக்கச் சொன்னார். தகரக்காரர். ஏழாவது நான். நெட்டை. பாதிமீசை. இரட்டையர் இரண்டு பேர், ஒருவனே இரண்டு தடவை வருகிறான் என்று அவர்களுக்கு ஓட்டு மறுத்து, அப்புறம் சேர்த்து நிறுத்திப் பார்த்துவிட்டு விட்டார்கள். சவரக்காரர். தெருவிளக்கு ஏற்றுகிறவர். பதினாலாவது உன் பெரியம்மா, இடது கையில் கோணி ஊசி, மறந்து கொண்டுவந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் அவளோடு பேசாத செவிட்டக்கா. பதினாறாவது சாக்குக்காரி. அப்புறம் பாட்டுக்காரி, சிரிப்புக்காரி, கடைசியில் எல்லாரையும் டேய் போட்டுக் கூப்பிடுகிற கிழவி.

பதினெட்டுப் பேர் போய்விட்டார்கள். என் நாளும் நெருங்கிவிட்டது, என்னைக் கணக்கில் வைக்காதே. பதினாறாவது ஆளின் இடுப்பில் ஒரு பிள்ளை இருந்தது, மூன்று வயது, பெட்டியைத் தொடவேண்டும் என்று அழுதது. அது என்ன ஆயிற்று என்று நாளைக்கு யாராவது உன்னைக் கேட்டால், இருக்கிறாள் என்று சொல். எழுதும்மா, பேனாவை வைக்காதே. நீதான் எழுதவேண்டும். அந்த வரிசையில் இருந்தவர்களில் இனி உயிரோடு இருக்கப்போகிறவள், ஊசி.